தவளைக்குப் புதுக் கால்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

டைரி வாங்கி நாலு மாதம் சும்மாவே கிடந்தது. இன்றைக்காவது ஆரம்பிப்போம்.

காலை ஷிஃப்ட். குடோனில் இன்று முழுக்கத் தரை டைல்ஸ் லோடு. ஃபோர்க்லிஃப்டில் இறக்கி அடுக்கி முடிக்கும்போது ஒரு டைல்கூட உடையவில்லை. சூப்பர்வைசர் சுற்றி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் பாராட்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தக் குடோனுக்கு நான் வந்தபோது வண்டி ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். இப்போது மூன்று பேர்.

வரும் வழியில் பாக்கியநாதன் அண்ணன் டயர் கடையில் நிறுத்தி, எங்கள் கார் தவளையின் பின் டயரைக் காட்டினேன். குனிந்து நகத்தால் கீறினார்.

"இன்னாம்மா இது, டயரா? அப்பளம் மாதிரி வெடிச்சிக்கினு கீது. இத்த வச்சிக்கினா ஜி.என்.டி. ரோட்ல வந்த?"

வெள்ளத்தில் ஊறின வண்டி. அதற்கு முன்னாடி எத்தனை வருடம் வெயில் தின்றதோ. எங்கள் குடோனில் இருந்த வெளிநாட்டு மேனேஜர் ஆசையாகக் கொண்டுவந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு கதவு, இரண்டே சீட்டு. அவர் ஊருக்குப் போனபின் ஷெட்டில் கிடந்தது. 2023 டிசம்பர் புயலில் கதவு வரைக்கும் தண்ணீர். இரும்புக் கடைக்குப் போக இருந்ததை நானும் என் வீட்டுக்காரர் ராஜவேலுவும் கேட்டு வாங்கினோம். அவர் ஸ்டீல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஒரு வருடத்துக்கு மேல் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அதுதான் வேலை. இன்ஜினை அவர் பிரித்தார், ஒயரிங்கை நான் பிரித்தேன். முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது தெருவே புகை. லைட் போட்டால் பானட்டிலிருந்து இரண்டு கண்ணும் எழுந்து நிற்கும். அதைப் பார்த்து அவர் அம்மா, என் அத்தைதான் பேர் வைத்தது: தவளை.

டயர் மாற்றியே ஆக வேண்டும். இந்தப் பதினாலு இஞ்சு சைஸில் நல்ல பிடிப்புள்ள டயர் இப்போது வருவதில்லையாம். "வீலையும் சேத்து மாத்திடும்மா. கொஞ்சம் அகலமா போடு" என்றார் அண்ணன்.

கொஞ்சம் அகலமாக. அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.


27 ஏப்ரல், ஞாயிறு

காலையில் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காதது இன்று தெரிந்தது — பாடி அகலம், சக்கரம் ஒல்லி. பெரிய ஆளுக்குச் சின்னப் பிள்ளை செருப்பு போட்ட மாதிரி.

எதிர்வீட்டு குப்பம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மே புவனா, ரெண்டு சீட்டுதான் கீது. நாளைக்கு ஒண்ணு பொறந்தா எங்க ஒக்கார வப்பீங்க?"

கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். இந்தக் கேள்வி ஒவ்வொரு தடவை ஒவ்வொரு சட்டை போட்டுக்கொண்டு வரும். இந்தத் தடவை கார் சீட்டு. "பொறக்கட்டும்க்கா, மடியில வச்சிக்குறேன்" என்று சொல்லிவிட்டு டயரைத் துடைத்தேன்.

எனக்கு அகலமான வீல் வேண்டும். எதற்கு? பிடிப்புக்கு. திருப்பத்தில் பின்பக்கம் வழுக்காமல் இருக்க. அது மட்டும்தானா? இல்லை. அது ரோட்டில் நன்றாகக் காலை விரித்து நிற்க வேண்டும். யார் பார்த்தாலும் நிற்க வேண்டும். எழுதிவிட்டேன், போதும்.


4 மே, ஞாயிறு

ராஜவேலுவின் சிநேகிதர் லோகு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். திருவள்ளூர் தாண்டி ஒரு தார் போட்ட லாரி யார்டில் ஜூலையில் ஆட்டோகிராஸ். ரப்பர் கூம்புகளை நட்டு வளைவு வளைவாகப் பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக ஓட்ட வேண்டும், குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. பெண்களுக்குத் தனிப் பிரிவு.

"நீ போ" என்றார் ராஜவேலு. "நான் ஓட்டுனா கூம்புங்க பாவம்."

"தோத்துட்டா?"

"வெள்ளத்துல போன வண்டி ஸ்டார்டிங் லைன்ல நிக்கிதுல்ல? அதுவே கெத்துதான்."

பெயர் கொடுத்துவிட்டேன்.


11 மே, ஞாயிறு

வாட்ஸாப் கார் குழுவில் எந்த வீல் போடலாம் என்று கேட்டேன். நிறைய பதில். அதில் பாதி, "சிஸ்டர், வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க."


18 மே, ஞாயிறு

இன்று எங்கள் கல்யாண நாள்.

மதியம் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், வாசலில் கூட்டம். தவளை நடுவில் நிற்கிறது. நாலு புது வீல். பதினேழு இஞ்சு, எட்டு இஞ்சு அகலம், கறுப்பில் வெண்கல நிற விளிம்பு. டயர் மெலிசாக, ரிம்மோடு ஒட்டிக்கொண்டு. சக்கரம் பாடியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. ராஜவேலு சட்டையெல்லாம் கிரீஸ். பத்து வயசுப் பையன் மாதிரி நிற்கிறார்.

"சென்னைக்குப் போயி நானே பொறுக்கி எடுத்தேன் புவனா. உனக்கு அகலமா வேணும்னு சொன்னல்ல?"

சொன்னேன். அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். குப்பம்மாள்கூட எடுத்தாள். என் பெயரில் வண்டி வாங்கினபோதுகூட அவர் இத்தனை சந்தோஷப்பட்டுப் பார்த்ததில்லை. அவருக்காக நான் இப்படி எதையாவது தேடிப் போய் வாங்கியிருக்கிறேனா என்று யோசித்தேன்.

சாயந்தரம் இரண்டு பேரும் ஆரம்பாக்கம் வரைக்கும் போய் வந்தோம். நான்தான் ஓட்டினேன். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்னால் 'கர்க்' என்றது.

"கல்லா இருக்கும்" என்றார்.

கல் இல்லை.


23 மே, வெள்ளி

ஸ்டியரிங் கனக்கிறது. வண்டி எழுந்து ஓட முன்னைவிட யோசிக்கிறது. சக்கரம் மொத்தத்தில் பெரிசாகிவிட்டது, கனமும் கூடிவிட்டது. அதே இன்ஜின்தானே சுற்ற வேண்டும்? சோம்பேறி ஆகிவிட்டது என் தவளை.

வெளியே தள்ளி நிற்பதால் வண்டி அமுங்கும்போது டயர் மட்கார்டு விளிம்பில் உரசுகிறது. விரல் விட்டுப் பார்த்தேன். ரப்பர் சூடாக, ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது.

அவரிடம் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் துணியும் பாலிஷுமாக வீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. எப்படிச் சொல்ல?


1 ஜூன், ஞாயிறு

இப்பதான் வீடு வந்து சேந்தோம்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அத்தையை செக்கப்புக்குக் கூட்டிக்கினு போனேன். மெதுவாதான் வந்தேன். சத்தியமா மெதுவா. தச்சூர் தாண்டி சர்வீஸ் ரோட்ல ஒரு டிப்பர் லாரி, இன்டிகேட்டரும் இல்ல, ஹாரனும் இல்ல, அப்படியே எங்க பக்கம் ஒடிக்கிறான். நான் இடது பக்கம் ஃபுல்லா வளைச்சேன். ஒரு பள்ளம். வண்டி அமுங்குச்சு, டயர் மட்கார்டுல மாட்டுச்சு — ஸ்டியரிங் வரல. ஒரு நொடி. என் கை சொன்னத வண்டி கேக்கல. அப்புறம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு. ரோட்டுக்கு அந்தாண்ட ஏரிக்கால்வா. பிரேக்க ஒரேயடியா மிதிக்காம, விட்டு விட்டு மிதிச்சு, ஸ்டியரிங்க நேரா பிடிச்சு, கரை மேல நிறுத்துனேன். முன் சக்கரத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு எருக்கஞ்செடிதான் இருந்துச்சு.

லாரிக்காரன் போயே போயிட்டான்.

அத்தை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"நீ ஓட்டுன. அதான் உசுரோட கீறோம்."

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "எறங்கு, டீ குடிக்கலாம்" என்றது.


2 ஜூன், திங்கள்

அவரிடம் சொன்னேன். உரசியது, மாட்டியது, எல்லாம். மட்கார்டு உள்ளே ரப்பர் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.

"வேகமா வந்திருப்ப" என்றார்.

வேகமா! ஆறு வருசமா கண்ணாடி லோடு தூக்குறவ நான். அவங்க அம்மா பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்காங்க. வேகமா வருவேனா?

"வீலு சரியில்ல மாமா. நம்ம வண்டிக்கு இது இல்ல."

"கடைக்காரன் ஒக்காரும்னு சொன்னான்."

"ஒக்காரும். ஓடாது."

அத்தோடு அவர் எழுந்து வெளியே போனார். அந்த முகம்... வீலைக் குறை சொல்லக் கேட்ட முகமாக அது தெரியவில்லை. அவரையே குறை சொன்ன மாதிரி. நான் அதைச் சொல்லவில்லையே. இல்லை, சொன்னேனா?


5 ஜூன், வியாழன்

பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் போட்ட இடத்தில் காலியாகிறது.


8 ஜூன், ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பழைய ஒல்லி வீல்களை நானே ஜாக்கி போட்டுத் திரும்ப மாட்டினேன். போட்டி ஜூலையில். இந்த வெடித்த டயரோடு போக முடியாது, தப்பான வீலோடும் போக மாட்டேன். யாரோ உக்காரும், ஓடும் என்று சொல்வதைக் கேட்பதைவிட, வண்டியையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. சக்கரத்தைச் சுற்றி உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது? நிற்கும்போது அளந்தால் தெரியாது. ஏறி இறங்கும்போது, வளையும்போது தெரிய வேண்டும்.

சப்பாத்தி மாவு பிசைந்தேன். கெட்டியாக.

"நாஷ்டாவுக்கு இட்லி கீதே, எதுக்குடி மாவு?" என்று அத்தை கேட்டது.

உருண்டை உருண்டையாக உருட்டி மட்கார்டு விளிம்புக்குள்ளே ஒட்டினேன். உள்பக்கம் ஸ்பிரிங் ஓரத்தில் ஒட்டினேன். நாலு சக்கரத்துக்கும். அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றது. "எந்தக் கோயில்லயும் காருக்கு இப்படிக் கொழுக்கட்ட படைச்சி நான் பாத்ததில்ல."

வண்டியில் பாரம் வேண்டும். மூட்டை ஏதாவது ஏற்றலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு திறக்கும் சத்தம். ராஜவேலு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் சிமெண்ட் மூட்டை ஒன்று. முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எம்பது கிலோ ப்ளஸ் அம்பது. போதுமா?"

"போதும்."

தெருக் கோடியில் உள்ள ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினோம். ஸ்டியரிங்கை முழுதாக அந்தப் பக்கம் ஒடித்து ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒடித்து ஒரு தடவை. குப்பம்மாள் வீட்டு வாசலில் ஒரு சுற்று. திரும்பி வந்து வீலைக் கழற்றினால் — மாவு எல்லாம் நசுங்கிக் கிடக்கிறது, இடத்துக்கு இடம் வேறே மாதிரி. எங்கே மெலிசாக நசுங்கியிருக்கிறதோ, அங்கே இடம் அவ்வளவுதான்.

அவர்தான் மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியரை எடுத்து வந்தார். அவர் அளந்தார், நான் எழுதினேன். வெளிப்பக்கம் இடம் கம்மி. உள்பக்கம் நாங்கள் நினைத்ததைவிட நிறைய. வீல் அகலத்தைக் கூட்டலாம். கூட்டுவதை உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று சரியாகப் பங்கு போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கல்யாண நாள் வீல் எல்லாப் பங்கையும் வெளியே கொடுத்துவிட்டது.

கடைசி உருண்டையை அளக்கும்போது அவர் சொன்னார்.

"எங்கம்மா அந்தச் செடியப் பத்திச் சொல்லுச்சு. எருக்கஞ்செடி."

நான் கடைசி அளவை எழுதினேன்.

"நீ வேகமா வரல."

"தெரியும் மாமா."

"எனக்கும் தெரியும். அன்னைக்கே தெரியும்."

இரண்டு பேர் கையிலும் மாவு.


15 ஜூன், ஞாயிறு

ஒரு வாரமாக வீல், வீல், வீல். ராத்திரி ஷிஃப்டில் டீ இடைவேளையில்கூட கணக்கு.

பதினேழு இஞ்சு வேண்டாம். பதினைந்து. எட்டு அகலம் வேண்டாம். ஏழு. பழையதைவிட ஒன்றரை இஞ்சு அதிகம், அதுவே எங்கள் மாவு அனுமதித்ததில் முக்கால்வாசி. சக்கரம் மொத்த உயரத்தில் பழையது மாதிரியே வரும், வண்டி பழையபடி துள்ளும். கனம் குறைவான வீல். இதே காரின் பிந்தைய மாடலுக்குக் கம்பெனியே பதினைந்து கொடுத்திருக்கிறது என்று தெரிந்தது. என் கணக்குக்கு அவர்களும் வந்திருக்கிறார்கள். அல்லது நான் அவர்கள் கணக்குக்கு. எப்படி வைத்தாலும் சந்தோஷம்.

பிறகு டயர். குழுவில் எல்லாரும் ஒரே குரலில்: ரேஸுக்கான வழுவழு டயர் போடுங்கள், பசை மாதிரி ஒட்டும். காய்ந்த ரோட்டில் ஒட்டும். உண்மைதான். ஆனால் நான் மழையில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவள். அகலம் கூடக் கூட, தண்ணீர் வெளியே போக வழி இல்லையென்றால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஏற்கெனவே ஒரு தடவை ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்காமல் போனது, அது போதும். ஆழமான வாய்க்கால் வெட்டின டயர், நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் அகலம்.

பாக்கியநாதன் அண்ணன் ராஜவேலுவைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

"என்ன கேக்காதண்ணே. நான் ஒரு தபா செலக்ட் பண்ணிட்டேன், போதும்."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரித்ததுதான் எனக்கு முக்கியம்.

அந்தப் பதினேழு இஞ்சு வீல்களை, கிழிந்த டயருக்குப் புது டயர் போட்டு லோகு எடுத்துக்கொண்டார். அவருடைய பெரிய காருக்கு அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. "பாத்தியா, நல்ல வீலுதான். வண்டிதான் வேற" என்றார் ராஜவேலு. நல்ல வீல்தான் என்று நானும் சொன்னேன். மனசார.


22 ஜூன், ஞாயிறு

மாட்டியாச்சு.

வெள்ளி நிறம், ஆறு ஆரக்கால், எந்தப் பகட்டும் இல்லை. டயர் மட்கார்டுக்கு நேராக, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நிற்கிறது. நான் கொஞ்சம் தள்ளி, எதிர்வீட்டு மதில் ஓரமாகப் போய் நின்று பார்த்தேன். காலை விரித்து, நிதானமாக, யாரையும் முறைக்காமல் நிற்கிறது.

ஆரம்பாக்கம் வரைக்கும் போனேன். எல்லா ஸ்பீடு பிரேக்கரிலும் காதைத் தீட்டிக்கொண்டு. ஒன்றும் இல்லை. சிலுசிலுவென்று காற்றுச் சத்தம் மட்டும். வளைவில் கை நினைத்தவுடன் வண்டி திரும்புகிறது. கை நினைக்கும் முன்னேகூட. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், தனியாக. ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதை நான் தேர்ந்தெடுத்தேன். நானே.


12 ஜூலை, சனி

போட்டிக்கு வரும் மற்ற வண்டிகளின் படங்களைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். மோனிகா என்று ஒரு பெண், சென்னை. அவள் வண்டிக்கு வழுவழு ரேஸ் டயர். போன வருடம் முதல் பரிசு அவளுக்குத்தான். என் டயர் படத்துக்குக் கீழே ஒருவர், "டிராக்டரா?" என்று எழுதியிருக்கிறார்.

பயமாகத்தான் இருக்கிறது. தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால்?

தப்பாக இருந்தாலும் என் தப்பு. பரவாயில்லை.


20 ஜூலை, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டே படுக்கிறேன்.

விடியும் முன்னே கிளம்பினோம். அத்தை லோகுவின் காரில் பின்னால் வந்தது, தூக்கில் எலுமிச்சை சாதத்தோடு. யார்டில் முப்பது வண்டிக்கு மேல். பெண்கள் பிரிவில் ஏழு பேர்.

முதலில் வண்டிப் பரிசோதனை. பரிசோதகர் குனிந்து சக்கரத்தை ஆட்டினார், விரலை மட்கார்டுக்குள் விட்டுப் பார்த்தார், ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கச் சொன்னார். எழுந்து ராஜவேலுவிடம் கேட்டார், "வீல் அளவு நல்லாப் பொருந்தியிருக்கு. யார் சார் செட் பண்ணாங்க?"

"டிரைவரக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார் ராஜவேலு. "நான் வெயிட்டுக்கு ஒக்காந்த ஆளு."

பரிசோதகருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நாலு ஓட்டம். நாலின் நேரத்தையும் கூட்டிக் கணக்கு. ஒரு கூம்பைத் தட்டினால் தண்டமாக நேரம் கூடும். காலை இரண்டு ஓட்டத்திலும் மோனிகாவின் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு பறந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஓட்டுவதைப் பார்க்கவே அழகு. நான் இரண்டு ஓட்டம் முடிந்து நாலாவது. ஒரு கூம்பையும் தொடவில்லை. கூம்பு கூம்பாக நெளிந்து போகும்போது எனக்குக் குடோன்தான் ஞாபகம் வந்தது. சரக்கு அடுக்கும் ராக்குக்கும் ராக்குக்கும் நடுவே போகிற அதே கணக்கு. எங்கே கண் பார்க்கிறதோ அங்கே கை போகும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேற்கே கறுத்தது. திருத்தணிப் பக்கமிருந்து வந்த மழை, பத்து நிமிடம் கொட்டு கொட்டென்று கொட்டியது. பிறகு தூறல் நிற்கவே இல்லை. தார் மேல் தண்ணீர் தகடாக நின்றது. வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார்கள். பெண்கள் பிரிவில் இரண்டு பேர் விலகினார்கள்.

மூன்றாவது ஓட்டம். முதல் வளைவில் கால் தானாகத் தளர்ந்தது. ஏரிக்கால்வாய் கண் முன்னே வந்துவிட்டது. ஸ்டியரிங் வருமா? வளைத்தேன். வந்தது. டயர் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வளைவு, வந்தது. அப்புறம் நான் யோசிக்கவில்லை. யாருடைய மனைவி, யாருடைய மருமகள், மடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை — ஒன்றும் இல்லை. வளைவு, நேர், வளைவு. முடித்து நிறுத்தினபோது ராஜவேலு குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். அந்த ஓட்டத்தில் பெண்களில் முதல், ஆண்களையும் சேர்த்தால் மொத்தத்திலேயே அஞ்சாவது நேரம் என்னுடையது.

மோனிகா ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றாள். ஆனால் பதறவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போய் முடித்தாள்.

கடைசி ஓட்டத்தில் ஆசை வந்துவிட்டது. முடியும் இடத்துக்கு முந்தின கூம்பு. பின் சக்கரம் லேசாகத் தட்டியது. தட்டும்போதே தெரிந்தது எனக்கு. விழுந்துவிட்டது.

இரண்டாம் இடம். மோனிகா முதல். அந்தக் கூம்பு விழாமல் இருந்திருந்தால் நான்.

அழவில்லை. வருத்தமும் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. மோனிகா வந்து என் டயரைத் தடவிப் பார்த்தாள். "அக்கா, மழை வரும்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. நான் டெய்லி இதுலதான் டூட்டிக்குப் போவணும்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நனைந்த சட்டையோடு.

பெயர் கூப்பிட்டபோது மைக்கில் "மிஸஸ் ராஜவேலு" என்றார்கள். நான் மேடைக்குப் போகும் முன்னே கூட்டத்திலிருந்து ராஜவேலுவின் குரல், மழையை மீறி: "புவனேஸ்வரி! பேரு புவனேஸ்வரி சார்!"

திருத்திச் சொன்னார்கள். கோப்பை சின்னதுதான். அத்தை அதை வாங்கி முந்தானையால் துடைத்து, வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தது.


21 ஜூலை, திங்கள்

காலை ஷிஃப்ட். டைல்ஸ் லோடு. எல்லாம் வழக்கம்போல. நான்தான் வழக்கம்போல இல்லை.


24 ஆகஸ்ட், ஞாயிறு

போன வாரம் மோனிகா போன் செய்தாள். அக்டோபரில் ஒரு ராலி இருக்கிறதாம், ஊர் ரோடுகளில், வேகத்துக்கு அல்ல, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி சொல்ல. "கூட யாரு அக்கா வருவாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும் முன்னே பக்கத்திலிருந்து ராஜவேலு, "நான்தான்" என்றார்.

அவருக்கு இடது வலது எப்போதுமே குழம்பும். இரண்டு நாளாகப் பழகுகிறார். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "நூறு மீட்டர் நேரா, அப்புறம் லெஃப்டு, பாலம் தாண்டி ரைட்டு" என்று அடுப்படியில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை, "இவன நம்பிப் போனா ஆந்திராவுக்குத்தான் போய்ச் சேருவ" என்கிறது.

இன்று பழவேற்காடு ரோட்டில் முதல் பயிற்சி. மடியில் அட்டை, காதில் பென்சில், நெற்றியெல்லாம் வேர்வை. ரோடு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. "ரைட்டு, ரைட்டு!" என்று கத்தினார். கை மட்டும் இடது பக்கம் காட்டியது.

நான் கையைப் பார்த்துத் திருப்பினேன். சரியான வழிதான்.